சேறு படாத மயில்

மழை மூன்று நாளாக நின்றபாடில்லை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் சாக்கடை எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பது தோண்டியவனுக்கே மறந்துபோன விஷயம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துகொண்டிருந்தான் அப்துல் ரவூப். அவனுக்கு முன்னால் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையைத் துப்பாக்கிபோல நீட்டியபடி போனாள் பத்மஜா.

பத்மஜா கல்யாண் லைனில் இருபத்தொன்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்றதும் மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். ரவூப் தோல் கிடங்கில் மூட்டை தூக்கியவன். நாற்பத்தைந்து வயதில் முதுகு ராஜினாமா கொடுத்துவிட்டதால் அவளிடம் உதவியாளாகச் சேர்ந்தான். அவனைக் கேட்டால் வேலை ஒன்றும் மாறவில்லை என்பான். அப்போது மூட்டை, இப்போது மேடத்தின் சந்தேகம். கனத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஜெயினுலாப்தீனின் எம்பிராய்டரி பட்டறை மாடியில் இருந்தது. அதை மாடி என்று சொன்னவன் இரக்கமுள்ளவன். இரும்பு ஏணியில் தொற்றி ஏறி, தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனால், நடுவில் ஒரே ஒரு மெஷின் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் அழுது முடித்த கண்ணோடு, அவர்களை வரச்சொல்லியிருந்த ஷமீமா. இருபத்திரண்டு வயது. துணியில் எந்த இடத்தில் எந்த நிறத்து நூல் இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்குச் சொல்லும் வேலை அவளுடையது.

அவள் நீட்டிய கடிதத்தை பத்மஜா உரக்கப் படித்தாள். மாட்டுங்கா வண்ணமாலை மன்றம் எழுதியது. போட்டிக்கு ஷமீமா அனுப்பிய படத்தில் இருநூற்றுப் பதினான்கு நிறங்கள் இருப்பதால் அது தள்ளுபடி. இனியாவது விதிகளை மதிக்கக் கற்றுக்கொள்ளவும். கீழே செயலாளர் அனந்தின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, கடிதத்தைவிட நீளமாக.

போட்டியின் பெயர் ‘பதினாறு நிறத்தில் மழை’. கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பி, தபால்தலை அளவுக்கு ஒரு படம் போட வேண்டும். பதினாறு நிறத்துக்குமேல் ஒன்றுகூடக் கூடாது. கட்டம் கட்டமாக வரைவதால் வளைவுகளின் ஓரம் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதை மழுப்ப விரும்பினால், அந்தப் பதினாறுக்குள்ளேயே ஒரு இடை நிறத்தை எடுத்துக் கையால் ஒவ்வொரு கட்டமாக வைக்க வேண்டும். பட்டனைத் தட்டி மெஷினை மழுப்பச் சொன்னால், அது தன் இஷ்டத்துக்கு நூறு இருநூறு புது நிறங்களைக் கலந்துவிடும். அது திருட்டு.

இந்தத் திருட்டைத்தான் ஷமீமா செய்ததாகக் கடிதம் சொன்னது.

ஜெயிக்கிறவருக்கு செம்பூரில் வீடியோ கேம் செய்கிற ஒரு ஸ்டுடியோவில் வேலை. சான்றிதழ் கேட்க மாட்டார்கள் என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஷமீமா பத்தாம் வகுப்போடு நின்றவள். இதற்குமுன் மூன்று ஸ்டுடியோக்களில் சான்றிதழ் எங்கே என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். நான்காவது கதவு இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பரிசளிப்பு விழாவில் சாத்தப்படும். நாற்காலியும் மைக்கும் போட்டுச் சாத்துவார்கள் என்பது மட்டும்தான் புதுசு.

பத்மஜா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறக்கச் சொன்னாள். சயான் பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கூரைகள். எல்லாவற்றின் மேலும் நீலத் தார்ப்பாய். நடுவே ஒரு சிவப்புக் குடை. நிறங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“பன்னெண்டுதானே இருக்கு. இன்னும் நாலு வச்சுக்கலாம்னு விதியிலயே இருக்கே, ஏன் விட்டே?”

“மெஷின்ல பன்னெண்டு ஊசிதான் மேடம். பதிமூணாவது கலர் போட்டா மெஷின நிப்பாட்டி நூல் மாத்தணும், சேட்டு ஏசுவாரு. கை அப்படியே பழகிருச்சு.”

ஏசுவேன் என்பதை ஜெயினுலாப்தீனும் ஒப்புக்கொண்டார். ஏழு வருஷத்தில் இவள் ஒரு நிறம் தப்பியதில்லை, தப்பியிருந்தால் இந்த ஏணியில் இறங்கியிருப்பாள், ஏறியிருக்க மாட்டாள் என்றார். அது பாராட்டு என்று புரிய ரவூப்புக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பதினாறு இட்லி ஓசின்னு சொல்லியும் பன்னெண்டத் தின்னுட்டு எந்திரிச்ச புள்ள மேடம் இது,” என்றான் ரவூப். “இவ இருநூத்திப் பதினாலு தின்னுட்டான்னு சொன்னா, நாம பாக்க வேண்டியது பரிமாறினவன் கைய.”

பத்மஜா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் அது அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். படம் இங்கிருந்து எப்படிப் போனது என்று கேட்டாள். மன்றத்தின் மெயிலுக்கு, ஜூலை பத்தாம் தேதி, அதுதான் கடைசி நாள். போனபோது பன்னிரண்டு. எண்ணும்போது இருநூற்றுப் பதினான்கு. நடுவே தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இருக்கிற தூரம் மட்டும்தான்.

“கிளம்பு,” என்றாள் ஷமீமாவிடம். “நீயும் வா.”

சயானைத் தாண்டி ஆட்டோ வராது. டாக்ஸிக்காரன் மூன்று பேரின் காலையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் பிடித்து, இறங்கி நடந்து, வண்ணமாலை மன்றத்தின் வாசலை அடைந்தபோது மணி நாலரை.

வாசலில் ஏதோ குழாய்க்காக ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அதன்மேல் ஒரு பலகை. பலகையின் இரு பக்கமும் கணுக்கால்வரை சிவப்புச் சேறு. ‘பாதங்களைத் துடைத்துவிட்டு உள்ளே வரவும்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, கீழே ஒரு மிதியடியும் போட்டிருந்தார்கள். அந்த மிதியடியை மிதித்தால், இருந்ததைவிட அதிகச் சேறு காலில் ஒட்டியது. உள்ளே ஹால் முழுக்க வெள்ளை டைல்ஸ். அதன்மேல் வந்தவர் போனவர் எல்லோருடைய தடமும் மாட்டுச் சந்தைபோலப் பதிந்திருந்தது. ஷமீமா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே நின்றுகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

செயலாளர் அனந்த் எதிர்கொண்டு வந்தார். வெள்ளை ஜிப்பா, வெள்ளைச் செருப்பு. செருப்பில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. ரவூப் அவருடைய காலை ஒரு தடவை பார்த்தான், பலகையை ஒரு தடவை பார்த்தான்.

“ஐயா பறந்து வந்தீயளோ?” என்று மரியாதையாகக் கேட்டான்.

பின்பக்கத் தெருவில் கார் நிறுத்த ஒரு கதவு இருக்கிறது, அதன் சாவி செயலாளரிடம் மட்டும்தான் இருக்கும் என்று அனந்த் விளக்கினார். விளக்கும்போது இடுப்பில் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். கேட்காமலே பாஸை எடுத்துக் காட்டுகிற பயணியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது பத்மஜாவின் பழைய கொள்கை. அவள் புன்னகை செய்தாள்.

அனந்த் நேர்மையைப் பற்றிப் பேசினார். நிறையப் பேசினார். வந்தது முப்பத்தொரு படம். நடுவர் செம்பூர் ஸ்டுடியோவிலிருந்து வந்த மெஹக் என்ற பெண். அவள் நிறம் எண்ணுகிற புரோகிராமில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது முப்பதும் தோற்றன. இருநூறு, இருநூற்று நாற்பது, ஒன்று முந்நூறு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விதி என்றால் வேப்பங்காய். தேறியது ஒன்றே ஒன்று, சரியாகப் பதினாறு நிறம். போட்டவள் மானசா. அவள் தன் அக்கா பெண் என்பது முடிவுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது, நடுவருக்குப் பெயரே தெரியாது. எல்லாப் படமும் மன்றத்து வேலைகளைப் பார்க்கிற பஞ்சு சார் கையால் பெயர் நீக்கி, நம்பர் போட்டுத்தான் நடுவருக்குப் போகும்.

“எல்லாப் படமும்,” என்றாள் பத்மஜா.

“ஒண்ணு விடாம. அதுதான் எங்க மன்றத்தோட பெருமை.”

சுவரில் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ரவூப் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே போனான். அவனுக்குக் கண் மங்கிவிட்டதோ என்று பயம் வந்தது. குளித்துவிட்டு வந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி எல்லாம் புகைந்து கிடந்தன. ஷமீமாவின் சிவப்புக் குடை ரசத்தில் விழுந்த தக்காளிபோல ஓரம் கரைந்திருந்தது. கடைசிக்கு வந்ததும் கண் சரியாகிவிட்டது. முப்பத்தொன்றாவது படம் கத்தியால் வெட்டிய பர்ஃபிபோலப் பளிச்சென்று இருந்தது. வானவில்லுக்குக் கீழே தோகை விரித்த ஒரு மயில்.

“மும்பை மழைக்கு மயிலு,” என்றான். “எந்த பிளாட்பாரத்துல நிக்கும் மேடம், ஃபாஸ்ட் டிரெயினுக்கா ஸ்லோ டிரெயினுக்கா?”

அப்போது உள் அறையிலிருந்து ஃபிளாஸ்கும் டம்ளருமாக பஞ்சு வந்தார். எழுபது வயது, பேங்க் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போட்டி வேலையைப் பன்னிரண்டாம் தேதியோடு முடித்துக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியால் வீட்டோடு இருந்தவர். விழாவுக்குக் காப்பி கொடுக்க இன்றைக்குத்தான் மன்றத்துக்கு வந்திருந்தார். பத்மஜாவின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பெருமையோடு பார்த்தார். எப்படி வந்திருக்கிறது பாருங்கோ என்றார். அசலைப் பார்த்திருந்தால் தெரியும், நகத்தளவுதான் இருந்தது எல்லாம்.

பத்மஜா காப்பியை உதட்டுக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். நகத்தளவு எப்படி இவ்வளவு பெரிசாயிற்று என்று கேட்டாள்.

“நான்தான் ஆக்கினேன்,” என்றார் பஞ்சு. “குழந்தைகள் பாவம், வளைவு போடத் தெரியலை. குடை, கூரை எல்லாம் ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருந்தது. நடுவர் பாத்துச் சிரிச்சுடப் போறாளேன்னு ராத்தூக்கமே வரலை. அதான் ஒண்ணொண்ணா பெரிசாக்கி, தோசைமாவு தடவற மாதிரி ஓரத்தையெல்லாம் நைஸா வழிச்சு விட்டேன். அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கே.”

வாசல்படியில் நின்ற ஷமீமா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குடையின் வளைவுக்கு அவள் ஒன்பது இரவு செலவழித்திருந்தாள். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஏற்கெனவே இருந்த பழுப்பைத் திருடி எடுத்து, ஒவ்வொரு கட்டமாக வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி எடுத்து. ஒரு நல்ல மனிதர் அதை ஒரே பட்டனில் வழித்துத் தோசை வார்த்துவிட்டார்.

முதலில் தேறியது அனந்த்தான். அவருக்குத் தேறுவதில் பழக்கம் இருந்தது. இதில் கெட்டவர் யாருமில்லை, வயசான மனிதர் அன்பால் செய்த பிழை என்று பஞ்சுவின் தோளைத் தட்டினார். ஆனால் அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது, நடுவர் வந்துகொண்டிருக்கிறார், முடிவை மாற்ற முடியாது. அந்தப் பெண் அடுத்த வருஷம் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். அடுத்த வருஷம் என்று சொல்லும்போது அவருடைய குரலில் இனிப்பு கொட்டியது. ஏழைகளுக்கு எப்போதும் அடுத்த வருஷத்தைத்தான் கொடுப்பார்கள், அதற்குக் குறைவே வராது.

பஞ்சுவின் கையிலிருந்து ஃபிளாஸ்க் மூடி நழுவிக் கீழே விழுந்தது. ரவூப் குனிந்து எடுத்தான். குனிந்தவன் நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசலிலிருந்து வந்த தடங்கள். பஞ்சுவின் ரப்பர் செருப்பு, மேடத்தின் செருப்பு, தன் வெறுங்கால், இன்னும் யார் யாரோ. பின்கதவுப் பக்கத்திலிருந்து அனந்த் நின்ற இடம்வரை மட்டும் தரை பால் மாதிரி வெள்ளை.

அவன் எழுந்து வந்து பத்மஜாவின் காதருகில் சொன்னான்.

“மேடம், முப்பது படம் முன்வாசல் வழியா வந்திருக்கு. எல்லாம் பஞ்சு ஐயாவோட சேத்தை மிதிச்சிட்டுதான் வந்திருக்கு. மயிலு கால்ல மட்டும் ஏன் சேறு இல்ல?”

பத்மஜா மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். “சம்பளம் கொடுக்கறது வீண் போகலை,” என்றாள். இது அவள் வாயிலிருந்து இதுவரை வந்த மிகப் பெரிய பாராட்டு.

ஐந்தேமுக்காலுக்கு மெஹக் வந்தாள். செம்பூரிலிருந்து மழையில் நனைந்து, ஜீன்ஸின் பாதியளவுக்குச் சேற்றோடு. முப்பது வயது இருக்கும். பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் பேசினாள். பத்மஜா அவளிடம் ஒரே ஒரு உதவி கேட்டாள். அந்த மயில் படத்தையும் பஞ்சு சார் கொஞ்சம் பெரிசாக்கட்டும், மற்றதுக்கெல்லாம் எப்படிச் செய்தாரோ அப்படியே. பிறகு நிறத்தை எண்ணிப் பார்க்கலாம்.

விழாவுக்கு நேரமாகிறது என்றார் அனந்த். விருந்தினர் வந்துவிடுவார்கள் என்றார். மின்சாரம் போகலாம் என்றுகூடச் சொன்னார். மெஹக் அதற்குள் தன் லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

பஞ்சு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மயிலைப் பெரிதாக்கினார். அந்தப் பட்டனைத் தட்டினார். மயில் புகைந்தது. தோகையின் ஓரமெல்லாம் வழிந்தது. மெஹக் புரோகிராமில் போட்டாள். திரையில் எண் வந்தது.

“தோ சௌ அட்தீஸ்,” என்றாள் மெஹக் மெதுவாக. “இருநூத்தி முப்பத்தெட்டு.”

“அப்போ இது உங்க கை வழியா வந்திருந்தா,” என்றாள் பத்மஜா பஞ்சுவைப் பார்த்து, “முப்பதோட முப்பத்தொண்ணா இதுவும் விழுந்திருக்கணும். விழலை. பஞ்சு சார், இந்த மயிலை நீங்க எப்போ பாத்தேள்?”

“இப்போதான்,” என்றார் பஞ்சு. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “நான் முப்பதுக்குத்தானே நம்பர் போட்டேன். அந்த மயிலை ஏதோ அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கான்னு நினைச்சேன்.”

மன்றத்தின் மெயிலைத் திறந்து காட்டினார். பத்தாம் தேதி நள்ளிரவுவரை முப்பது கடிதங்கள். அதில் மயில் இல்லை, வான்கோழிகூட இல்லை.

அனந்த் வியர்வையைத் துடைத்தார். குழந்தை மானசா நாலு நாள் தாமதமாக முடித்தாள் என்று ஆரம்பித்தார். பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள், நடுவருக்கு அனுப்பும் படங்களோடு நானே சேர்த்துவிட்டேன், மற்றவர்கள் தோற்றதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அதில் பொய் இல்லை. முப்பதும் ஒரே நாளில் கவிழ்ந்தபோது கடவுள் கண்ணைத் திறந்தார் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். திறந்தது பஞ்சுவின் பட்டன் என்று அவர் விசாரிக்கவில்லை. அதிர்ஷ்டம் வீட்டுக்கு வந்தால் யார் டிக்கெட் கேட்கிறார்கள்.

“நான் கேட்பேன்,” என்றாள் பத்மஜா.

மெஹக் மெயிலிலிருந்து அசல் படங்களைத் திறக்க ஆரம்பித்தாள். முப்பதில் இருபத்தேழு விதிக்குள் இருந்தன. மூன்று பேர் மட்டும் நிஜமாகவே பட்டனைத் தட்டியிருந்தார்கள். இத்தனை பேரைத் திருடர் என்றதில் மூன்று பேராவது தேறினார்களே, மன்றத்தின் மானம் பிழைத்தது என்றான் ரவூப். இருபத்தேழையும் அவள் இரண்டு சுற்றுப் பார்த்தாள். விருந்தினர்கள் வந்து, உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, அனந்தைப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் சிவப்புக் குடை வந்ததும் மெஹக் நிறுத்தினாள். பெரிதாக்கினாள். ஓரத்தில் கட்டம் கட்டமாக நின்ற பழுப்பை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“யே கிஸ்கா ஹை? இது யாரு போட்டது?”

பத்மஜா வாசலைக் காட்டினாள்.

மெஹக் ஷமீமாவை உள்ளே கூப்பிட்டாள். ஷமீமா வெள்ளைத் தரையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். அழுக்காகிவிடும் என்றாள். ரவூப் அங்கிருந்தபடியே சொன்னான்.

“வாட்டீ சும்மா. இங்க கால் சுத்தமா இருக்கவங்கதான் பயப்படணும்.”

அவள் வந்தாள். பன்னிரண்டு நிறத்தில் ஏன் நிறுத்தினாய் என்று மெஹக் கேட்டாள். ஷமீமா ஊசியைப் பற்றிச் சொன்னாள். மெஹக் சிரித்துவிட்டாள். எங்கள் பையன்களுக்கு முப்பத்திரண்டு கொடுத்தாலும் பத்தாமல் சண்டை போடுகிறார்கள் என்றாள். மைக் இல்லாமல், நாற்காலி இல்லாமல், யாரும் கை தட்டாமல், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செம்பூர் வந்துவிடு என்றாள்.

ஷமீமா தலையை ஆட்டினாள். பிறகு, காலையில் ஒரு ஆர்டர் இருக்கிறது, சேட்டிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். ஏழு வருஷம் பழகிய கை மட்டுமல்ல, வாயும் அப்படித்தான்.

அனந்த் பின்கதவு வழியாகக் காற்று வாங்கப் போனவர் திரும்பவில்லை. பஞ்சு மட்டும் கலங்கிப்போய், என்ன செய்வது என்று தெரியாமல், உள்ளே போய் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார்.

“பெரியவா எல்லாம் வந்திருக்கா, தரை இப்படிச் சேறா இருந்தா நன்னாவா இருக்கு,” என்றார். “ஒரு நிமிஷம், வழிச்சு விட்டுடறேன்.”

பத்மஜா குனிந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

“பஞ்சு சார், இன்னிக்கு மட்டும் எதையும் வழிக்காதேள். அப்படியே இருக்கட்டும்.”

வாசலிலிருந்து மேஜைவரை ஷமீமாவின் கால்தடம் தனியாகத் தெரிந்தது. ரவூப் எண்ணிப் பார்த்தான். பதினாலு. விதிக்குள்தான்.